கூடல் நகரில் கூடாத எலும்பு

அவர் என்னை முதன்முதலாக அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் எதையும் தொடங்கக்கூடாது என்பாள் என் மனைவி. அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. இடது கன்னத்தில் ஒரே அறை. அப்போது எனக்கு வலது கால் உடைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ளே ஒரு கம்பி, வெளியே பதினான்கு தையல். ஆஸ்பத்திரிக் கழிவறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒற்றைக் காலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த நிலையில் இருப்பவனை அடிப்பது எந்த யுத்த தர்மத்திலும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

“ஒடிஞ்ச எடத்துலயா அடிச்சேன்?” என்று கேட்டார்.

இல்லைதான்.

“அப்புறமென்ன? கன்னத்து எலும்பு நல்லாத்தான இருக்கு.”

பிறகு பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த என் அறைக்காரன் செல்லப்பாண்டியிடம் திரும்பினார். அவன் கையிலும் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டார். அடிப்பதற்கு முன் குனிந்து நாற்காலியின் சக்கரத்தைப் பூட்டினார். அடிக்கிற வேகத்தில் வண்டி உருண்டு அவன் கால் எங்கேயாவது இடித்துவிடக்கூடாதாம். அதன் பிறகு பிடரியில் நான்கு. அவ்வளவு கவனமாக ஒருவர் இன்னொருவரை அடித்து நான் பார்த்ததில்லை. பெற்ற தாய்கூட அத்தனை பொறுப்பாக அடிக்க மாட்டாள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரால் கால் ஒடிந்த சிலர் இன்றும் அவரைத் தங்களைக் காப்பாற்றிய மகராசன் என்று நம்பி, ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுகிறார்கள். அந்த நல்லுறவை நான் கெடுப்பானேன்?

நான் நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஆய்வேடு பைண்டிங்கும் உண்டு. எழுதியவரும் படிக்காத, நெறியாளரும் படிக்காத ஆய்வேடுகளை நான் படித்துவிடுவேன். அதனால் உலகத்தில் உள்ள எல்லாத் துறைகளும் எனக்கு முன்னுரை வரைக்கும் தெரியும். ஒரு மாலை ஸ்கூட்டரில் போய்க்கொண்டே சிகரெட் பற்ற வைத்தேன். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஓடுகிற வண்டியில் மோதினால் அதற்கு விபத்து என்று பெயர். நிற்கிற வண்டியில் மோதினால் வேறு பெயர். டிராக்டர்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் என்னைத் தூக்கினார்.

அப்படிப் போய்ச் சேர்ந்தது சமயநல்லூர் போகிற நான்குவழிச் சாலையோரம் இருந்த ஒரு எலும்பு ஆஸ்பத்திரி. மாடியில் நான்கு கட்டில் போட்ட அறை. புண்ணில் சீழ் வைத்துவிட்டதால் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தேன். அடுத்த கட்டில் செல்லப்பாண்டி. முப்பது வயது, லோடு வண்டி டிரைவர், பக்கத்து ஊர்க்காரன். அவன் இடது காலைச் சுற்றி இரும்பு வளையங்கள்; வளையங்களிலிருந்து எலும்புக்குள் போகிற கம்பிகள். தூரத்திலிருந்து பார்த்தால் செல்போன் கோபுரத்துக்கு லுங்கி கட்டியது போல இருக்கும். கால் உடைந்து எட்டு மாதம். மூன்று ஆபரேஷன். எலும்பு கூடவில்லை. கூடல் நகர் என்று மதுரைக்கே ஒரு பெயர் உண்டு. அங்கே வந்து இவன் எலும்பு மட்டும் கூட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் காலை எட்டு மணியிலிருந்து இருட்டும்வரை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பார். பெரியப்பா மகனாக இருக்கும் என்று நினைத்தேன். சொந்தமே இல்லை. எட்டு மாதத்துக்கு முன் பொழுது மசங்குகிற நேரத்தில் கண்மாய்க்கரைப் பாதையில் யாரோ ஹெல்மெட் போட்ட ஒருவன் செல்லப்பாண்டியின் காலை அடித்து ஒடித்துவிட்டு ஓடியிருக்கிறான். அந்த வழியாக வந்த இவர்தான் அவனைத் தோளில் போட்டுத் தூக்கி, ஆட்டோ பிடித்து இங்கே சேர்த்தாராம்.

“தெய்வம்ணே அவரு,” என்பான் செல்லப்பாண்டி, பிடரியைத் தடவிக்கொண்டே.

தெய்வத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பட்டன் உட்பட எல்லாப் பட்டனையும் போட்டிருப்பார். ஆள் சின்ன ஆள்தான். கைகள் மட்டும் உடம்புக்குச் சேராமல், வேறொரு பெரிய மனிதரிடம் இரவல் வாங்கியவை போலிருக்கும். தினமும் ஒரு தூக்குவாளி ஆட்டுக்கால் சூப்பும் ஆறு அவித்த முட்டையும் கொண்டுவருவார். சூப்புக் குடிப்பதால் எலும்பு கூடிவிடாது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. உட்கார்ந்து பேசும்போது எதிரில் இருப்பவரின் கெண்டைக்கால் எலும்பை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், மண்பானைக் கடையில் தட்டிப் பார்ப்பது போல. “நல்ல சத்தம்” என்பார். எனக்கு அதைக் கேட்டால் ஏனோ குளிரும்.

அறைக்குள் யார் வந்தாலும் வாசலில் நிறுத்துவார். “ஊது.” போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்வார். வாடை இல்லையென்றால் விடுவார். இருந்தால் அடி. ஒருமுறை என்னைப் பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர், நவீனத்துவம் பற்றி என்னிடம் விவாதிக்க வந்தவர், ஊதச் சொன்னதும் திரும்பிப் போய்விட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே என்னை அறைந்தவரை நான் மன்னித்துவிட்டேன்.

என் மனைவி அவரை முதல் நாளே அண்ணனாக ஏற்றுக்கொண்டாள். என் கன்னத்தில் விரல் தடங்களைப் பார்த்துவிட்டு, “யாரு அடிச்சா?” என்றாள். அவர் பக்கம் கையைக் காட்டினேன்.

“எதுக்கு?”

“சிகரெட்டுக்கு.”

எனக்காகக் கொண்டுவந்த ஆறு இட்லியில் மூன்றை எடுத்து அவருக்கு வைத்தாள். “பதினெட்டு வருசமா எனக்கு இது தோணலையேண்ணே,” என்றாள்.

இந்த வெறி அவருக்கு எப்படி வந்தது என்பதை டாக்டர்தான் சொன்னார். செல்லப்பாண்டி ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் பிடிப்பவன். ஐந்தாவது மாதமும் எலும்பு கூடாமல் போனபோது இவர் டாக்டரின் அறைக்குள் நுழைந்து, மேசையைக் குத்தி, “என்னய்யா வைத்தியம் பாக்குறீங்க?” என்று கேட்டிருக்கிறார். டாக்டர் பொறுமைசாலி. எலும்பு ஆட்களுக்குப் பொறுமை இருக்கும். அவர்களுடைய சரக்கு மெதுவாகத்தான் வளரும்.

“எலும்ப நீங்க கல்லுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அது தெனம் இடிச்சுத் தெனம் கட்டுற வீடு. பழச இடிக்க ஒரு கூட்டம் இருக்கு. புதுசாக் கட்டக் கொத்தனார் கூட்டம் ஒண்ணு இருக்கு. ரெண்டும் சரிசமமா வேல பாத்தாத்தான் எலும்பு நிக்கும். சிகரெட்டப் பிடிச்சா ரத்தக்குழா சுருங்கும். சாமான் ஏத்துன வண்டி உள்ள வராது. காத்து கெடைக்காது. கொத்தனார் மயங்கிருவான். இடிக்கிறவன் மட்டும் டயத்துக்கு வேலைக்கு வந்துருவான். ஒடிஞ்ச எடத்துல என்னத்தக் கூடும்?”

அன்றிலிருந்து அவருக்கு உலகம் கொத்தனார் கட்சி, இடிக்கிற கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. கெட்ட வார்த்தை பேசுவதை விட்டுவிட்டார். “கொத்தனாரக் கொன்னவனே!” என்று ஒரே வசவுதான். அர்த்தம் புரியாமல் அதை வாங்கியவர்கள் தங்கள் மேல் கொலைக்கேஸ் இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே அடியும் வாங்கினார்கள்.

என் கட்டில் ஜன்னலோரம். கீழே ஒரு பெட்டிக்கடை, அதை ஒட்டி பஸ் ஸ்டாப். அவர் நடத்திய போர்களை எல்லாம் நான் மாடியிலிருந்தே பார்த்தேன். கால் கட்டு, கை கட்டுப் போட்ட எவனுக்கும் சிகரெட் கொடுக்கக்கூடாது என்று பெட்டிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். கடைக்காரர், “யாவாரம்ணே, கட்டுப் போட்டவன் காசும் காசுதான” என்றார். அவ்வளவுதான். கடலை மிட்டாய் ஜாடியைத் தூக்கித் தரையில் அடித்தார். கண்ணாடி சிதறியது. சிகரெட் பெட்டிகளை வாரிச் சாக்கடையில் கொட்டினார். கடைக்காரர் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தார். அந்தக் கையை முறுக்கி, முதுகுக்குப் பின்னால் மடக்கி, அவர் முகத்தைக் கடைப் பலகையில் வைத்து அழுத்தினார். மூக்கிலிருந்து ரத்தம் வாழைப்பழத் தார் மேல் சொட்டியது. அப்போதும் கையை ஒடிக்கவில்லை. ஒடிகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

செல்லப்பாண்டியின் கூட்டாளிகள் இரண்டு பேர் டவுசர் பைக்குள் பீடிக்கட்டு ஒளித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை வாகனம் நிறுத்துகிற இடத்தில் வைத்து அடித்தார். ஒருவனுக்குப் பல் போயிற்று. பஸ் ஸ்டாப்பில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புகை விட்ட ஒரு தகப்பனை, முதலில் குழந்தையைப் பத்திரமாக வாங்கி ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் அடித்தார். “வளர்ற எலும்புடா அது! அது மேலயாடா ஊதுற?” என்ற சத்தம் மாடிவரை கேட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் பஸ் வருவதற்கு முன்பே நடந்து போய்விட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் டாக்டர் எங்கள் அறைக்கு வந்தார். செல்லப்பாண்டியைக் கீழே டிரெஸ்ஸிங்குக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறையில் நானும் அவரும்தான். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இடைவெளி அப்படியேதான் இருக்கு. சீழ் வேற மேல ஏறுது. இன்னும் ஆறு வாரம் பாப்போம். கூடுற அறிகுறி தெரியலைன்னா கால எடுக்கத்தான் வேணும்.”

“எடுத்தாச்சே டாக்டர்,” என்றார் அவர். “அன்னைக்கே எடுத்தாச்சு. இன்னும் என்னத்த எடுக்கணும்?”

டாக்டர் விழித்தார். “யாரு எடுத்தது? கால் இருக்குல்ல?”

அவர் குனிந்து தூக்குவாளியை எடுத்து மூடத் தொடங்கினார். டாக்டருக்குப் புரியவில்லை, வெளியூர்க்காரர். எனக்குப் புரிந்துவிட்டது. மதுரைப் பக்கத்தில் கையக் கால எடுக்கிற தொழில் என்று ஒன்று உண்டு. அங்கே எடுப்பது என்றால் ஒடிப்பது. ஆஸ்பத்திரியில் எடுப்பது என்றால் வெட்டி எடுப்பது. ஒரே வினைச்சொல். டாக்டர் தன் தொழிலில் சொன்னார். இவர் தன் தொழிலில் பதில் சொல்லிவிட்டார்.

டாக்டர் போனதும் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“மாப்ள, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?”

“எது?”

“பொய் சொன்னாலும் அடிப்பேன்.”

“விழுந்துச்சுண்ணே.”

என் கட்டுப் போட்ட காலை மெத்தையில் நேராக எடுத்து வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஊராட்சி வார்டு மெம்பர் தேர்தல். தெருவிளக்கு எரியவில்லை என்றால் திட்டு வாங்குகிற பதவி. அதற்குச் செல்லப்பாண்டி நிற்பதாக இருந்தான். அவனுடைய சித்தப்பாவும் நிற்பதாக இருந்தார். “மூணு மாசம் கட்டில்ல கெடந்தாப் போதும்” என்று சித்தப்பா இவரிடம் ஆள் அனுப்பினார். சித்தப்பா ஜெயித்து மாலையும் போட்டுக்கொண்டுவிட்டார்.

“ஒரு அடிதான் மாப்ள. ரெண்டாவது அடிச்சதே கெடையாது. ஈரச்சாக்கச் சுத்துன இரும்புக் குழா. தோலு கிழியக்கூடாது. மூட்டுல படக்கூடாது, பட்டா ஆயுசுக்கும் போச்சு. அடிச்சு முடிச்சிட்டு அங்கிட்டுப் போயி ஹெல்மெட்டக் கழட்டி, சட்டைய மாத்திக்கிட்டு, ஆட்டோவோட இங்கிட்டு வந்து நானே தூக்கிக்கிட்டுப் போயிருவேன். எடுத்ததோட நம்ம சோலி முடிஞ்சுபோகாது. கொண்டுபோயிச் சேக்கணும்ல?”

“எத்தன பேருண்ணே?”

ஜன்னல் வழியே கீழே காட்டினார். பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கிச் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தார். “அந்தா, நீலச் சட்டை. நடையப் பாரு. காலத் தாங்கித் தாங்கி நடக்குறானா? தாங்க மாட்டான். அவன் பரோட்டாக் கடைக்கு எப்பப் போனாலும் காசு வாங்க மாட்டேங்குறான்.” கட்டி முடித்த வீட்டைக் காட்டுகிற மேஸ்திரியின் முகம் அவருக்கு. “அம்புட்டுப் பேருக்கும் மூணே மாசத்துல கூடுச்சு. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருநாள் பூராம் பின்னாடியே போயிப் பாப்பேன். வயசென்ன, சுகர் இருக்கா, என்னத்தத் திங்கிறான்னு. இவன் சிகரெட்டு குடிக்கிறதையும் பாத்தேன். அது நெஞ்சுக்குத்தான் போகும்னு நெனச்சேன் மாப்ள. பாக்கெட்டு அட்டையில அப்படித்தான படம் போட்டுருக்கான்? எலும்புக்குப் போகும்னு எவன் கண்டான்?”

“அடிச்சது தப்பில்லையாண்ணே?”

“அடிச்சது தொழிலு. மூணு மாசம்னு சொல்லி எடுத்தேன். கூடாமப் போச்சுல்ல, அதுதான் தப்பு.”

நான் ஏன் போலீஸுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். முதல் காரணம் பயம். இரண்டாவது காரணமும் அதுதான். மூன்றாவதாக ஒன்று உண்டு. அவர் உள்ளே போய்விட்டால் அந்தக் காலைச் சிகரெட்டிடமிருந்து காப்பாற்ற ஆஸ்பத்திரியில் வேறு நாதி இல்லை. உடைத்தவனைத் தவிர அந்தக் காலுக்கு யாருமில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவர் மகளுக்கு வளைகாப்பு. அன்று பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் இருக்க முடியாது. கிளம்பும்போது என் தோளைப் பிடித்தார். “நீ படிச்சவன். ஒனக்கு எல்லாம் தெரியும். பாத்துக்க மாப்ள. சாயங்காலம் வந்துருவேன்.”

என்னை நம்பி யாரும் எதையும் விட்டுப்போனதில்லை. என் மனைவி பால் காய்வதைக்கூட என்னை நம்பி விடமாட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பதினொரு மணி வரைக்கும் இருந்தது.

“ஒண்ணே ஒண்ணுண்ணே,” என்றான் செல்லப்பாண்டி. “நெஞ்சுக்குள்ள எறும்பு ஊருது. ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தந்துர்றேன். நீங்களுந்தான கஷ்டப்படுறீங்க?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. என்னிடம் ஒரு பாக்கெட் இருந்தது. என் எக்ஸ்ரே உறைக்குள், என் எலும்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒன்று என்று தொடங்கி இருவரும் ஆளுக்கு நான்கு பிடித்தோம். ஆறு வாரக் கெடு எனக்குத் தெரியும். கொத்தனார் கதையும் தெரியும். செல்லப்பாண்டிக்குத் தெரியாத ஒன்று, காலை வெட்டிவிடுவார்கள் என்பது, அதுவும் எனக்குத் தெரியும். இரண்டாவது சிகரெட்டின்போது அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். புகைதான் வந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். வளைகாப்பு வீட்டுக் கலவைச் சாதம் இரண்டு பொட்டலம், எனக்கொன்று, அவனுக்கொன்று. மேசையில் வைத்தார். செல்லப்பாண்டியிடம் குனிந்து, “ஊது” என்றார். அப்புறம் என்னிடம் வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மனிதன் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும் என்பதில் எனக்கு அவரைவிட அனுபவம் குறைவு.

“எத்தன?”

“நாலு.”

“அவனுக்கு?”

“அவனுக்கும் நாலு.”

கதவைத் தாழிட்டார். மற்ற இரண்டு கட்டில்களும் அன்று காலி. கத்தவில்லை, கொத்தனாரைப் பற்றியும் பேசவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், ரேகை பார்ப்பவர் போல.

“எந்த வெரல்ல பிடிச்ச?”

காட்டிவிட்டேன். ஒரு கேள்விக்கு நான் அத்தனை நேர்மையாகப் பதில் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. ஆள்காட்டி விரல், நடுவிரல். தோளில் கிடந்த துண்டை என் வாயில் திணித்தார். இரண்டு விரல்களையும் சேர்த்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வைத்து, ஒரே அமுக்கு. ஈர விறகு ஒடிகிற சத்தம். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. செல்லப்பாண்டி, “அண்ணே, விட்ருங்கண்ணே, நான்தான் கேட்டேன், என்னைய அடிங்க” என்று கதறினான். காலில் இரும்புக் கூட்டோடு எழப் பார்த்தான். அவர் திரும்பிப் பார்த்து, “நீ அசையாத. கால் இடிச்சுக்கும்” என்றார்.

பிறகு என்னைச் சக்கர நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, தானே தள்ளிக்கொண்டு கேஷுவாலிட்டிக்கு வந்தார். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். கதவு இடுக்கு என்றேன். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கதவு இடுக்கு என்று எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போது அவர் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய கைகள் மடியில் கிடந்தன.

“ஒன்னைய நம்பித்தானடா விட்டுட்டுப் போனேன்,” என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது விரல் அல்ல என்று எழுத ஆசைதான். விரல்தான் வலித்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு நான் சிகரெட் பிடிக்கவில்லை. மனவுறுதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருமுறை இடது கையில் பிடித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அவர் என் இடது கையைப் பார்த்தார். பார்த்தது போதும்.

செல்லப்பாண்டியும் பிடிக்கவில்லை. அவனிடம் நானே சொல்லிவிட்டேன், காலை வெட்டப் போகிறார்கள் என்று. இரண்டு நாள் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூன்றாம் நாள் ஆட்டுக்கால் சூப்பைக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஆறு வாரம் முடிந்த நாளில் நான் விரல் கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரின் அறையில் மூவரும் இருந்தோம். டாக்டர் புதிய எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகினார். ஒடிந்த இரண்டு நுனிகளுக்கும் நடுவே, பத்து மாதமாகக் கறுப்பாகக் கிடந்த இடத்தில், பஞ்சைப் பிய்த்து வைத்தது போல லேசான வெள்ளை.

“கொத்தனார் வந்துட்டாருப்பா,” என்றார் டாக்டர்.

செல்லப்பாண்டி அழுதான். அவர் சிரிக்கவில்லை. “இனிமே எடுக்க வேணாமா?” என்று மட்டும் கேட்டார்.

“வேணாம். ஆனா இதுல முழுசா நம்பிர முடியாது. இரும்புக் கூட்டக் கழட்டி, கால ஊனி நடந்து, ஓடி, நல்லா வெயிட்ட எறக்கிப் பாத்தாத்தான் கூடிருச்சுன்னு சொல்லுவேன்.”

அதை மனப்பாடம் செய்கிறவர் போல உதட்டை அசைத்துக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து என் கடைக்குப் போன் வந்தது. “மாப்ள, வாரியா? சமயநல்லூர் தாண்டிக் கண்மாய்க்கரைப் பாதை. ஒரு ஆளு சாட்சிக்கு வேணும்.” நல்ல வெயில். போனபோது அவர் கருவேல மரத்தடியில் அதே எல்லாப் பட்டனும் போட்ட சட்டையில் நின்றிருந்தார். செல்லப்பாண்டி ஊரிலிருந்து நடந்தே வந்தான். கம்பு இல்லை. இடது கால் லேசாகத் தாங்கியது. அவர் அந்தத் தாங்கலை முகம் சுளித்துப் பார்த்தார்.

“இந்த எடம் தெரியுதாடா?”

“தெரியாமயா? இங்கனதான என் கால எடுத்தாய்ங்க.”

“யாருன்னு தெரியுமா?”

“தெரிஞ்சா விட்டுவச்சிருப்பனா?”

“நான்தான்.”

செல்லப்பாண்டி சிரித்தான். என்னைப் பார்த்தும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

“அடி விழுந்தப்ப நீ அம்மான்னு கத்தல,” என்றார் அவர். “‘என் வண்டி, என் வண்டி’ன்னு கத்துன. வண்டிய ஒண்ணும் செய்யலடான்னு சொல்லிட்டுத்தான் போனேன்.”

சிரிப்பு நின்றது. “யாரு சொல்லி?” என்றான்.

“அதச் சொல்ல மாட்டேன். அடிச்சது என் கை.”

முதல் குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்து வெள்ளைச் சட்டை நனைந்தது. இரண்டாவது குத்தில் விழுந்தார். நான் ஓடிப் போய்ச் செல்லப்பாண்டியின் இடுப்பைப் பிடித்தேன். ஒரு உதறலில் வரப்பில் கிடந்தேன். “மாப்ள, நீ அங்கிட்டு நில்லு!” என்று கீழே கிடந்தபடியே அதட்டினார். “சாட்சிக்குத்தான் கூப்பிட்டேன், வெலக்கிவிட இல்ல.”

செல்லப்பாண்டி மிதித்தான். “தெய்வம்னு சொன்னேனேடா ஒன்னைய! ஊரெல்லாம் சொன்னேனேடா!” விலாவில் ஒரு மிதி. சத்தத்தில் எலும்பு என்று தெரிந்தது. அவர் கையைத் தூக்கவில்லை, முகத்தை மறைக்கவில்லை. தன் மேல் விழுகிற அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் அவன் வலது காலைத் தூக்கியபோது கணுக்காலை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“இதுல வேணாம். எடது கால்ல மிதி.”

மிதித்தான். நான்கு, ஐந்து. மூச்சு வாங்கியது. அவர் மண்ணில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

“வலிக்குதாடா?”

“யாரு யாரப் பாத்துக் கேக்குறது?”

“ஒன் காலக் கேக்குறேன்டா. வலிக்குதா?”

செல்லப்பாண்டி நின்றான். அந்தக் காலை மண்ணில் ஊன்றினான். உடம்பின் முழுப் பாரத்தையும் அதன் மேல் இறக்கி, மற்ற காலைத் தூக்கி, ஒற்றைக் காலில் நின்றான். நெடுநேரம் நின்றான்.

“இல்ல,” என்றான்.

“அப்பக் கூடிருச்சு,” என்று அவர் மறுபடியும் மண்ணில் சாய்ந்தார்.